கருதப்படும்

பொம்மனஹள்ளி, இரண்டாவது மாடி.
கீழே நானூறு ஊசிகள் ஓயாமல் இறங்குவதால்
என் டீ டம்ளரில் எப்போதும் ஒரு சிறு வளையம்.
மே மாதம். கரண்ட் வந்து
கம்ப்யூட்டர் மறுபடி கண் திறக்கிறது.

புதிதாக ஆள் சேர்த்தால்
கூலி முழுவதையும் செலவாய்க் காட்டிய பிறகும்
அதில் நூற்றுக்கு முப்பதை, மூன்று வருஷம்,
வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று
சட்டத்தில் ஒரு பிரிவு.
நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்று
தில்லியில் எவரோ நல்ல மனசோடு எழுதியிருக்க வேண்டும்.
எழுதிய கையோடு சந்தேகம் வந்து
நிபந்தனைகளையும் எழுதியிருக்க வேண்டும்:
சம்பளம் மாதம் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டக் கூடாது
(இங்கே அந்தக் கவலை இல்லை),
ரொக்கமாய்க் கையில் தரக் கூடாது,
பி.எஃப். இருக்க வேண்டும்,
தையல் ஆலை என்றால் அந்த ஆண்டில்
நூற்றைம்பது நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும்.

அறுபத்து மூன்று பெயர்கள்.
ராய்ச்சூர், கொப்பள், அரூர், பாலசோர்.
விரல் வைத்து இறங்குகிறேன்.
சபிதா பெஹரா, இருநூற்றுப் பதினொன்று.
மாதம்மாள், நூற்று எண்பத்தேழு.
ஹுலிகெம்மா, காலர் வரிசை,
சேர்ந்தது நவம்பர் மூன்று;
மார்ச் முப்பத்தொன்று வரை
நூற்று நாற்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன்.
பிப்ரவரிக்கு இருபத்தொன்பது தந்து பார்த்தேன்.
லீப் வருஷமில்லை என்று
அது திருப்பிக் கொடுத்துவிட்டது.

நிர்மல் சுரானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு நாள்தானே மேடம்.
ஐயாயிரம் ரூபாய் வரி.
மிச்சமானால் குழந்தைகள் அறைக்கு
ஒரு ஃபேனாவது மாட்டலாம்.
கேட் நோட்டைப் பாருங்கள்."

பார்த்தேன்.
நவம்பர் ஒன்று, காலை ஏழு நாற்பது,
தொட்டய்யாவின் கோணல் கன்னடத்தில்:
ஹுலிகெம்மா. வேலைக்கு.
வேலை கேட்டு என்றில்லை, வேலைக்கு.

கூப்பிட்டு அனுப்பினோம்.
தலையெல்லாம் நூல் பிசிறு,
வேலை போயிற்று என்ற முகம்.
அன்றைக்கு ராஜ்யோத்சவம் மேடம், என்றாள்.
கேட்டில் மஞ்சள் சிவப்புக் கொடி,
ஆட்டோ ஸ்டாண்டில் பாட்டு, ஆலைக்கு லீவு.
வாட்ச்மேன் குழந்தைக்கு ஒரு லட்டு கொடுத்து
திங்கட்கிழமை வா என்றார்.
நடுவில் ஞாயிறு.
பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தோம்.

அன்றைய தேதி போட்டால் என்ன என்று பார்க்கிறோம்,
என்றார் சுரானா, தாராளமாக.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"அப்படியென்றால்
அந்த ரெண்டு நாளுக்கும் சம்பளம் வருமா?"

சுரானா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
ஒருத்திக்குக் கொடுத்தால்
அறுபத்து மூன்று பேரும் கேட்பார்கள்.
மூன்றே இருக்கட்டும் மேடம்.

நான் எப்படியும் மூன்று என்றுதான் போட்டிருப்பேன்
என்று சொல்லிக்கொள்ள ஆசை.
சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

சட்டம் முழுக்கக் கல்நெஞ்சுமில்லை.
இந்த ஆண்டு நாள் போதாதவர்
அடுத்த ஆண்டில் நாளை நிறைத்தால்
அடுத்த ஆண்டில்தான் வேலைக்குச் சேர்ந்ததாகக்
கருதப்படும்.
குறிப்பு என்ற கட்டத்தில் அதை எழுதினேன்.
ஐந்து மாதம் அவள் தைத்த காலர்கள்
கப்பலேறிப் போய்
யார் யார் கழுத்திலோ வியர்த்துக்கொண்டிருக்கின்றன.
தைத்தவள் இன்னும் வந்து சேரவில்லை.
ஏப்ரல் ஒன்று முதல் வருவாள்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
குழந்தைகள் அறையில் காற்றில்லை,
ஈரத் துணியை ஜன்னலில் கட்டியிருந்தார்கள்.
காலர் வரிசையின் கரும்பலகையில்
சூப்பர்வைசர் அப்போதுதான் எழுதி முடித்து
சுண்ணத்தைத் தட்டிவிட்டாள்:
ஹுலி, சீட்டில் இல்லை, 12 நிமிஷம்.